மனமில்லாத சம்மதம்

ஆங்கிலத்தில் 'அக்வியெஸ்' என்றொரு வினைச்சொல். விருப்பமில்லாமலே எதிர்ப்புக் காட்டாது இணங்குவது என்று பொருள். 'ஓய்ந்திருத்தல்' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. அமைதியைச் சொல்லும் 'கொயட்' இதன் உறவு. தமிழின் 'அமைதல்' என்ற சொல்லும் அப்படித்தான்: அடங்குவதும் அதுவே, உடன்படுவதும் அதுவே.

இச்சொல்லின் கனம் பெங்களூருக்குத் தெரியும். 1892, 1924 காவிரி ஒப்பந்தங்களுக்கு மைசூர் சமஸ்தானம் மனமுவந்து சம்மதிக்கவில்லை, பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குப் பணிந்தது என்பது கர்நாடகத்தின் நெடுநாள் வாதம். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. சட்டம் பார்ப்பது கையெழுத்தை, மனக்குறையை அல்ல.

அதே தீர்ப்பு தமிழகத்துக்குக் கர்நாடகம் விடவேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. பெங்களூரின் தேவைக்கு 4.75 டி.எம்.சி. கூடுதலாகத் தந்தது. மனமில்லாமல் இணங்கும் முறை இப்போது தமிழகத்துக்கு.