மாசி நிலவில் ஒரு மலைநாட்டுக் கச்சேரி

கொழும்பு நகரத்து விடுதிகளில் ஜாஸ், புளூஸ் இசை நிகழ்ச்சி நடைபெறப் போகிறதென்று விளம்பரம் வெளியாகும் போதெல்லாம், அதனை ஏக்கத்தோடு படிக்கும் மாணவர்கள் மலைநாட்டிலும் இருக்கிறார்கள். 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், பனிமூட்டத்துக்கும் தேயிலைக்கும் நடுவே அமைந்த கந்தப்பளையில் அப்படியொரு கச்சேரி எங்கே நடக்கப் போகிறது என்று அவர்கள் கேட்கலாம். நடக்கத்தான் போகிறது என்பது நம் விடை. சக்ஸபோன் இராது, பியானோவும் இராது, நுழைவுச் சீட்டும் வேண்டியதில்லை. ஆயினும், புளூஸ் இசை எத்தகைய மண்ணில் முளைத்ததோ அத்தகைய மண்ணிலே வேர்கொண்ட கலையொன்று, வருகிற மாசி மாதத்தில் மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றின் லயத்து முற்றங்களில் இரவுதோறும் ஆடப்படும். காமன் கூத்து என்பது அதன் பெயர்.

இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆகவே அமெரிக்கக் கதையை முதலில் சற்றே பார்ப்போம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்கள் 1865ஆம் ஆண்டில் சட்டப்படி அடிமைத்தளையினின்று விடுபட்டனர். விடுபட்டும் என்ன? அதே நிலம், அதே முதலாளி, முடிவில்லாத கடன். வயலில் ஒருவன் குரலெழுப்ப, மற்றவர்கள் பதில் குரல் கொடுப்பார்கள். அந்தக் குரலிலிருந்தும் தேவாலயப் பாடல்களிலிருந்தும் புளூஸ் உருவாயிற்று. 1903ஆம் ஆண்டளவில் மிசிசிப்பி மாநிலத்து டட்வைலர் என்னும் சிற்றூரின் புகையிரத நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்த டபிள்யூ. சி. ஹாண்டி என்னும் இசைக்கலைஞர், கந்தலாடை உடுத்த ஒருவன் கித்தார் நரம்புகளிலே கத்தியை அழுத்தி வாசித்துக்கொண்டு, ஒரே வரியை மும்முறை பாடியதைக் கேட்டார். இரண்டு இருப்புப்பாதைகள் குறுக்கிடும் ஓரிடத்துக்குப் போவதைப் பற்றிய வரி அது. பின்னாளில் ஹாண்டி அத்தகைய பாடல்களைத் தாளில் எழுதி அச்சிட்டு உலகறியச் செய்தார்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு குறுகிய இருப்புப்பாதை போடப்பட்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1940களில் அது மூடப்பட்டுவிட்டது. அதன் ஓரத்தில் அமர்ந்து பாடியவர்களும் இருந்திருப்பார்கள்; அவர்களுக்கு ஒரு ஹாண்டி வாய்க்கவில்லை.

புளூஸ் பாடலின் அமைப்பு எளிது. முதல் வரியைப் பாடி, அதையே திரும்பவும் பாடி, மூன்றாம் வரியில் விடை சொல்வது வழக்கம். 12 தாளக் கட்டுகளில் ஒரு சுற்று முடியும். சுரத்தைச் சற்றே தாழ்த்தி, இரண்டு சுரங்களுக்கு நடுவே ஊசலாட விடுவதுதான் அதன் உயிர்நிலை. இதனைப் புரிந்துகொள்ள நமக்கு இசைத்தட்டுத் தேவையில்லை. ஒப்பாரி சொல்லும் பாட்டி ஒருத்தியின் குரலைக் காதுகொடுத்துக் கேட்டாலே போதும். ஜாஸ் இதன் உறவுக்காரி. நியூ ஓர்லியன்ஸ் நகரில் வளர்ந்து, பாடுவோரும் வாசிப்போரும் மேடையிலேயே கற்பனையை விரிக்கும் கலையாக அது மலர்ந்தது. டேவ் புரூபெக் 1958இலும், டியூக் எலிங்டன் 1963இலும் தத்தம் குழுவினருடன் இலங்கைக்கே வந்து வாசித்துச் சென்றார்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில், கோப்பிக் காலந்தொட்டே, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார் வழியே காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்கள் மூட்டையில் என்ன கொண்டுவந்தார்களோ, நெஞ்சில் பாட்டுக் கொண்டுவந்தார்கள். வந்த இடத்தில் அவர்களையும் கடனே கட்டிப்போட்டது. பட்ட கடனைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது என்ற முறை 1921ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது. கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் முகத்துக்கு நேரே ஏச முடியாதவர்கள் பாட்டிலே ஏசினார்கள். தாலாட்டிலே கூட வழிநடைத் துயரம் கலந்தது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை அவர்கள் தொழிற்சங்கக் கூட்டங்களில் மேடையேறித் தொழிலாளர் துயரைப் பாடலாகவே பாடினார். அவர் இயற்றிய பாடல்கள் 1940இல் அச்சேறின.

வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்ட கவிஞர் அவர். அவருடைய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது. இந்த இடத்தில் அமெரிக்காவின் அலன் லோமாக்ஸ் நினைவுக்கு வருகிறார். அவர் 1941இல் மிசிசிப்பியின் தோட்டமொன்றுக்குப் போய், மட்டி வாட்டர்ஸ் என்ற தொழிலாளியின் குரலைப் பதிவு செய்தார். தன் குரலைத் தானே கேட்ட அந்த இளைஞர் 1943இல் தோட்டத்தை விட்டுச் சிக்காகோ போய் உலகப் புகழ் பெற்றார். நம் வேலுப்பிள்ளை சேர்த்தது சொற்களை. பாடியவர்களின் குரல் ஏட்டிலே அடங்குவதில்லை. அதனாலேதான், நேரில் போய்க் கேட்கக்கூடிய காமன் கூத்துக்கு இன்று இத்தனை மதிப்பு.

கூத்தின் கதை புராணக் கதைதான். தவத்தில் ஆழ்ந்திருக்கும் சிவபெருமானின் மோனத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை ஏவுகிறார்கள். இரதி தடுக்கிறாள், தான் கண்ட தீய கனவுகளைச் சொல்லி அழுகிறாள். அவன் கேளாமல் கரும்பு வில்லோடு போகிறான். நெற்றிக்கண்ணின் தீயில் சாம்பலாகிறான். மாசி அமாவாசையை அடுத்த மூன்றாம் பிறையன்று கம்பம் ஊன்றித் தொடங்கும் கூத்து, பௌர்ணமி வரை நீளும். தோட்டத்துக்குத் தோட்டம் நாட்கணக்கு முந்திப் பிந்தி இருப்பதுண்டு. வேடம் பூணுவோர் காப்புக் கட்டி விரதம் இருப்பர். இரதி வேடத்தையும் ஆணே ஏற்பது பழைய மரபு. பகலெல்லாம் மலையில் வேலை செய்த அதே மனிதர்கள்தான் இரவில் எமனாகவும் தூதனாகவும் வீரபத்திரனாகவும் வந்து நிற்கிறார்கள். குறவன் குறத்தி வந்துவிட்டாலோ சிறுவர்களுக்குக் கொண்டாட்டம்.

வாத்தியார் ஓரடியை எடுத்துக் கொடுக்க, சூழ நிற்போர் அதை வாங்கிப் பாடுவார்கள். மிசிசிப்பி வயலில் குரலும் பதில் குரலும் எழுந்த முறை இதுவேயல்லவா? தஞ்சைப் பக்கத்தில் இதே காமன் பண்டிகையை ஒட்டி, காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று எதிர்க்கட்சியும் பிரிந்து நின்று, நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டி வாதிடும் இலாவணி உண்டு. ஜாஸ் மேடையில் இரு கலைஞர் ஒருவரையொருவர் மடக்கி வாசிப்பதை ரசிப்பவர்கள் இதையும் ரசிப்பார்கள்.

தப்பு இல்லாமல் இக்கூத்து இல்லை. வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலை நெருப்பில் காய்ச்சி, ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சியும் மறு கையில் தடித்த குட்டைக் குச்சியும் பிடித்து அடிப்பார்கள். மலைக்குளிரில் தோல் விரைவில் தளர்ந்துவிடும். ஆகையால் கூத்து நடக்கும் இடத்தில் ஒரு மூலையில் தீ எரிந்துகொண்டே இருக்கும். அந்தக் காலத்துத் தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு எழுப்பியதும் தப்பு. மரண வீட்டில் முழங்குவதும் தப்பு. நியூ ஓர்லியன்ஸில் சவ ஊர்வலத்துக்கும் ஜாஸ் வாத்தியக் குழு போகிறது. அங்கே அதைத் தாழ்வென்று எண்ணுவார் இல்லை. நம்மவரோ தப்படிப்பவரை நெடுங்காலம் சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்தார்கள். தந்தையின் கையிலிருந்த குச்சியைத் தொட மகன் கூசுவானாயின், குற்றம் மகனுடையதன்று. புளூஸையும் பிசாசின் இசையென்று தேவாலயத்துப் பெரியவர்கள் பலர் தூற்றியதுண்டு. அதே இசையைத்தான் இன்று உலகமெங்கும் பல்கலைக்கழகங்களில் பாடமாகப் படிக்கிறார்கள். தமிழ்நாட்டு மேடைகளில் பறை இப்போது தலைநிமிர்ந்து முழங்குகிறது. மலைநாட்டுப் பாடசாலைகளும் தப்பை மேடையேற்றி, அடிப்பவருக்கு ஆசிரியருக்குரிய மரியாதை கொடுத்து அழைத்தால் என்ன?

வேறொரு இழப்பும் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று கணக்கெழுதியது. தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டிக்கு மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தனர். புளூஸ் பாடல்களில் புகையிரதம் ஓயாமல் வருவதன் காரணத்தை இந்த ஒரு பெயரே விளக்கிவிடும். வாத்தியார்களும் தப்பிசைஞரும் அந்த வண்டிகளில் போனவர்களே. எஞ்சியோரின் பேரப்பிள்ளைகள் இன்று கொழும்பிலும் வெளிநாடுகளிலும் வேலை தேடிப் போகிறார்கள். கூத்துக்கு ஆள் சேர்ப்பது ஆண்டுதோறும் கடினமாகிறது.

பார்க்க விரும்புவோர் தோட்டத்தில் உள்ள உறவினரிடமோ கோயில் நிருவாகத்தாரிடமோ நாளைக் கேட்டறிந்து செல்லலாம். கம்பளியும் தலைக்குத் துணியும் அவசியம். மாசிப் பனி எலும்பைத் துளைக்கும். ஓரிரவு மட்டுமே வாய்க்குமென்றால் பௌர்ணமி இரவைத் தெரிந்துகொள்க. அந்தப் போயா நாள் விடுமுறையாதலால் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். முன்னனுமதி பெற்றுக் கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்வது நன்று. படத்தைவிடக் குரலே முக்கியம். காமன் எரிந்ததும் கூட்டம் கலையத் தொடங்கும். அப்போது எழுந்துவிடாதீர்கள். தப்பு அடங்கிய அந்த அமைதியிலேதான் இரதி தனியாக அமர்ந்து அழத் தொடங்குவாள். சாம்பலாய்ப் போனவனை அவள் பேர் சொல்லி அழைக்க, தம் வீட்டில் மாண்டவரை நினைத்து லயத்துப் பெண்களும் கூடவே அழுவார்கள். மூன்றாம் நாள் காமனை உயிர்ப்பிப்பார்கள். அவன் இரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான்.