வலிக்கும் முன்பே தெரியும் சொத்தை

ராகலைத் தோட்ட லயங்களில் பல் வலித்தால் முதலில் கிராம்பு, பிறகு பெனடோல். அதற்கும் அடங்காவிட்டால்தான் ஒரு நாள் கூலியை இழந்து நுவரெலியாவுக்கு பஸ் ஏறுவார்கள். அதற்குள் பல்லைப் பிடுங்கும் நிலை வந்துவிடுகிறது. எனக்கு இது பெருத்த வேதனை. ஏன் இந்தத் தாமதம்? பல்லின் மேலுறையான எனாமலில் நரம்பே இல்லை. சொத்தை உள்ளே ஆழமாக இறங்கிய பிறகுதான் வலி தொடங்குகிறது.

வாயிலுள்ள கிருமிகள் சீனியைத் தின்று அமிலம் சுரக்கின்றன. அந்த அமிலம் எனாமலின் கல்சியத்தையும் பொஸ்பேட்டையும் கரைக்கிறது. தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்துவைப்பது உண்மை. அளவோடு சேர்ந்தால் அது பல்லுக்கு நல்லது. ஆனால் நாள் முழுக்கச் சீனி போட்டுக் குடிக்கும் தேத்தண்ணி அந்த நன்மையை விழுங்கிவிடும். அனுராதபுரத்துக் கிணறுகளில் புளோரைடு மிகுந்து பல்லில் கறை படிகிறது. நம் மலைநாட்டு ஊற்று நீரிலோ அது மிகக் குறைவு.

கடைவாய்ப் பற்கள் இரண்டு உரசும் இடத்தில் தொடங்கும் சொத்தையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் காண்பது கடினம். அங்கேதான் எக்ஸ்ரே உதவுகிறது. பற்களின் உட்புறம் ஒரு சிறிய தட்டையான உணரியை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். கன்னத்துக்கு வெளியிலிருந்து கதிர் பாயும். கெட்டியான எனாமல் கதிரைத் தடுப்பதால் படத்தில் வெள்ளையாகவும், தாதுப்பொருள் கரைந்த இடம் கருமையாகவும் விழும். உணரியின் மேற்பூச்சு கதிரை ஒளியாக்க, அடியிலுள்ள சில்லு அதை மின்குறிப்பாக்க, சில நொடிகளில் படம் திரையில் வந்துவிடும். வைத்தியர் அதைப் பெரிதாக்கி, நோயாளிக்கும் காட்டலாம்.

1896இல் ஜெர்மனியின் பல் வைத்தியர் ஒட்டோ வால்க்ஹொஃப் தன் பற்களைப் படமெடுக்க 25 நிமிடம் கதிரின் முன் இருந்தார். 1987இல் பிரான்சின் பல் வைத்தியர் பிரான்சிஸ் மூயென் பிலிம் இல்லாத முறையைக் கொண்டுவந்தார். இன்று ஒரு நொடிக்கும் குறைவான நேரமே போதும். ஒரு சிறு படத்தில் உடலில் படும் கதிர், இயற்கையிலிருந்து ஒரு நாளில் நம்மேல் படுவதைத் தாண்டாது. ஆனாலும் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. தாதுப்பொருள் 30 முதல் 40 சதவீதம் வரை கரைந்த பிறகே நிழல் தெரியும். பற்களின் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சொத்தை மறைந்துபோகும். ஆகவே படம் வைத்தியரின் கண்ணுக்குத் துணை மட்டுமே.

நிழல் எனாமலைத் தாண்டாமல் இருந்தால் பெரும்பாலும் துளையிடவே வேண்டாம். புளோரைடு பூசி, சீனியைக் குறைத்து, பற்களுக்கு இடையே நூலால் சுத்தம் செய்தால் சொத்தையை அங்கேயே நிறுத்த முடியும். பிள்ளையை வேறு எதற்காகவாவது பல் வைத்தியரிடம் கூட்டிப்போகும் நாளில், கடைவாய்ப் பற்களுக்கு இடையில் படம் எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.