தூங்கினால் தெளியும் போதையல்ல!

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் நிகழ்ந்த துயரத்தை நாடு மெல்ல மறந்துகொண்டிருக்கலாம். அதே மாவட்டத்தின் திருநாவலூரில் வாழும் எங்களால் அது இயலவில்லை. ஜூன் 18 அன்று பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்த கூலித் தொழிலாளர்கள், மறுநாள் ஒருவர்பின் ஒருவராக மருத்துவமனைக்குத் தூக்கிவரப்பட்டனர். மாதவச்சேரி, சேஷசமுத்திரம் ஆகிய ஊர்களும் தப்பவில்லை. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் 200-க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பெண்களும் உண்டு.

அதன்பின் கைதுகளும் இடமாற்றங்களும் நடந்தன. உயிரிழந்தோர் குடும்பங்களுக்குத் தலா ரூ.10 லட்சம் வழங்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. ஆயுள் தண்டனை வரை விதிக்க வழிசெய்யும் மதுவிலக்குத் திருத்தச் சட்டம் பேரவையில் நிறைவேறியது. நவம்பரில் வழக்கைச் சிபிஐ விசாரணைக்கு மாற்றியது சென்னை உயர் நீதிமன்றம். விற்றவர் யார், தடுக்கத் தவறியவர் யார் என்ற கேள்விகளுக்கு இவை விடை தேடட்டும். நான் கேட்க விரும்புவது வேறு. ஒரே சாராயத்தைக் குடித்தவர்களில் ஒருவர் பிழைத்தார், இன்னொருவர் மாண்டார், ஏன்? குடித்த அளவு ஒரு காரணம். மருத்துவமனையை அடைய எடுத்துக்கொண்ட நேரம் மற்றொரு காரணம். முதல் காரணத்தில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிக்கப்பட்டது என்ற செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். ஆனால், கருணாபுரத்தில் உயிர்களைப் பறித்தது வெல்ல ஊறலில் விளைந்த போதை அன்று. ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால் என்னும் வேதிப்பொருள். மதுவில் இருக்கும் எத்தனாலுக்கும் இதற்கும் நிறத்தில் வேறுபாடு இல்லை. மணத்தாலோ சுவையாலோ பிரித்தறியவும் முடியாது. எரித்துப் பார்த்து அறியலாம் என்பதும் நம்பத்தக்கதன்று.

மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலமே கொல்கிறது. அது பார்வை நரம்பைத் தாக்குகிறது. இரத்தத்தை அமிலமாக்கிச் சுவாசத்தையும் இதயத்தையும் மூளையையும் நிலைகுலையச் செய்கிறது. தூய மெத்தனால் 10 மில்லி லிட்டர் அளவே பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லி லிட்டர் உயிரைப் பறிக்கக்கூடும்.

இதில் கொடுமையானது, நஞ்சு எடுத்துக்கொள்ளும் அவகாசம். குடித்தவுடன் வழக்கமான போதையே தோன்றும். உண்மையான கேடு பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வெளிப்படும். உடன் சாதாரண மதுவும் அருந்தியிருந்தால் இன்னும் தாமதமாகலாம். ஆகவே, இரவு குடித்தவர் காலையில் நன்றாக எழுந்தார் என்பது ஆறுதலுக்குரிய அடையாளமன்று.

இந்தத் தாமதம் எப்படி ஏமாற்றும் என்பதை நான் பட்டறிந்திருக்கிறேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் வயலில் வேலை செய்துவந்த ஒருவர் காலையில் வாசலில் வந்து உட்கார்ந்தார். வயிறு பிசைவதாகச் சொன்னார். “கண்ணு முன்னாடி பனி மூட்டமா இருக்குது வாத்தியாரய்யா” என்றார். முந்தைய நாள் குடித்தது தலைக்கேறியிருக்கிறது என்று எண்ணி, மோர் கொடுக்கச் சொல்லி, “போய்ப் படுத்துத் தூங்கு, தெளிஞ்சிடும்” என்று அனுப்பிவைத்தேன். அவரும் என் சொல்லை மதித்துத் தூங்கினார். மாலையில் அவருடைய மனைவி அழுதுகொண்டு ஓடிவந்த பிறகே வண்டி பிடித்தோம். உயிர் தப்பியது, பார்வை திரும்பவில்லை. அப்போது நான் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றவன். மெத்தனால் என்ற சொல்லை அறிந்திருந்தேன். அதன் அறிகுறியை அறிந்திருக்கவில்லை. இன்றும் அவர் என் குரலைக் கேட்டே என்னை அடையாளம் காண்கிறார். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

எனவே, ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருக்க வேண்டியவை இவை. சாராயம் குடித்தவருக்குப் பார்வை மங்கினாலோ, வெளிச்சம் கண்ணைக் கூசினாலோ, பனிபடர்ந்ததுபோலத் தெரிந்தாலோ அது போதையன்று. கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, தாங்கமுடியாத தலைவலி, ஆழமாகவும் வேகமாகவும் இரைக்கும் மூச்சு, குழப்பமான பேச்சு, வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம் ஆகியவையும் அபாய அறிகுறிகளே. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் 108-ஐ அழைக்க வேண்டும். நினைவிழந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது; மயங்கியவர் வாயில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றக் கூடாது. மிஞ்சிய பாக்கெட் இருந்தால் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். உடன் குடித்தவர்கள் நலமாகத் தோன்றினாலும் அவர்களையும் அழைத்துச் செல்ல வேண்டும்.

உரிய நேரத்தில் சென்றால் சிகிச்சை உண்டு. மெத்தனால் நஞ்சாக மாறுவதைத் தடுக்கும் ஃபோமெபிசோல் மருந்தும், இரத்தத்தைத் தூய்மைப்படுத்தும் டயாலிசிஸும் உயிர் காக்கும். மருத்துவமனைகளில் அளந்து எத்தனால் கொடுப்பதும் ஒரு சிகிச்சை முறை. அதைக் கேள்வியுற்று வீட்டில் மேலும் மது கொடுப்பது பேராபத்து.

இவ்வளவு எளிய செய்தி ஏன் மக்களைச் சென்றடையவில்லை? பொருளியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. முதலாவது, வாங்குபவருக்குப் பொருளின் தரம் தெரியாத சந்தை. பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டி ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்கியது. தரத்தை அறிய வழியில்லாத சந்தையில் மலிவான கெட்ட சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும். கள்ளச் சந்தையில் முத்திரையும் இல்லை, முறையிட இடமும் இல்லை. இரண்டாவது, உதவி கேட்பதற்கான விலை. கூலித் தொழிலாளிக்கு ஒருநாள் மருத்துவமனை என்பது ஒருநாள் கூலி இழப்பு. அதைவிடப் பெரியது, போலீஸ் கேட்குமோ, வழக்கு வருமோ, ஊர் சிரிக்குமோ என்ற அச்சம். அந்த விலை அதிகமாக இருப்பதால்தான் “கொஞ்ச நேரம் பார்க்கலாம்” என்று குடும்பங்கள் காத்திருக்கின்றன. கருணாபுரத்திலும் முதல் மரணங்களுக்குச் சாராயம் காரணமன்று என்று தொடக்கத்தில் அதிகாரிகள் தரப்பில் கூறப்பட்டது. துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வெளியாயின. தகவல் தாமதமானால் நஞ்சு முந்திக்கொள்ளும்.

அமெரிக்காவை உலுக்கிவரும் ஃபென்டானிலின் கதை இங்கே நமக்குப் பாடமாகும். ஹெராயினைவிட ஏறத்தாழ 50 மடங்கு வீரியமுள்ள அந்த வலி நிவாரணி, பிற போதைப்பொருள்களில் கலக்கப்படுகிறது. வாங்குபவருக்கு அது தெரிவதில்லை. 2021 முதல் 2023 வரை ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அளவுமீறிய போதையால் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஃபென்டானில் போன்ற செயற்கை ஓபியாய்டுகளுக்குப் பலியானவர்கள். அங்கே அறிகுறிகளைப் பொதுமக்களுக்குக் கற்பித்தார்கள். மூக்கில் தெளிக்கும் நாலோக்சோன் மாற்று மருந்தை, மருத்துவர் சீட்டின்றி வாங்க 2023-இல் அனுமதித்தார்கள். உதவிக்கு அழைப்பவர்மீது வழக்கு பாயாதிருக்கப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டப் பாதுகாப்பும் அளித்தார்கள்.

மெத்தனாலுக்கு வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க மாற்று மருந்து இல்லை. அதனாலேயே மற்ற இரண்டும் நமக்கு இன்றியமையாதவை. ரேஷன் கடை, பால் கூட்டுறவுச் சங்கம், ஊரக வேலைத் தளம் ஆகிய இடங்களில் அறிகுறிகளைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம். கிராம சபைகளில் செவிலியர் பத்து நிமிடம் விளக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சிகிச்சைக்கு வருபவர்மீதும் அழைத்து வருபவர்மீதும் வழக்கு இல்லை என்று அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இது குடிக்குத் தரும் சலுகையன்று. குடியின் கேட்டை வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதும் இடித்துரைத்தார். அதை மறுப்பவன் அல்லன் நான். ஆனால், திருத்துவதற்கு முதலில் மனிதர் உயிரோடு இருக்க வேண்டும்.

எங்கள் திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். இழந்த பார்வையை அவர் காஞ்சியில் ஒரு கண்ணிலும் திருவாரூரில் மறு கண்ணிலும் பெற்றார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. எங்கள் வயல்காரருக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அவருக்கு அன்று தேவைப்பட்டது அற்புதமன்று. காலையிலேயே ஒரு வண்டி.