கோபுரங்களுக்குக் கைப்பேசி தரும் அறிக்கை

(இளம் அறிவியல், இயற்பியல் - மூன்றாம் ஆண்டு)

கைப்பேசியில் பேச்சு அறுபடும்போது, 'கோபுரம் தொலைவில் இருக்கிறது போலும்' என்று சொல்லி அமைந்து விடுகிறோம். நகரங்களில் பெரும்பாலும் காரணம் அதுவன்று. அடுத்தடுத்த கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணைப் பயன்படுத்துகின்றன. ஆகவே இரண்டின் எல்லை சேரும் இடத்தில் நிற்பவருக்கு ஒன்றின் அலை செய்தியாகவும், மற்றதன் அலை இரைச்சலாகவும், ஏறத்தாழ ஒரே வலிமையில் வந்து சேர்கின்றன. அங்கே ஆற்றலைக் கூட்டிப் பயனில்லை. பக்கத்துக் கோபுரமும் கூட்டினால் பழைய நிலையே திரும்பும்.

இரைச்சல் தரும் அக்கோபுரத்தையே உதவிக்கு அழைத்தால் என்ன? அது சற்று நேரம் வாய்மூடி இருக்கலாம். அவ்வப்போது எதன் அலை தெளிவாக உள்ளதோ அதுவே அனுப்பலாம். இரண்டும் சேர்ந்தே அனுப்பலாம். கைப்பேசித் தரமுறைகளை வகுக்கும் 3ஜி.பி.பி. என்னும் அமைப்பு 2012-13 ஆண்டுகளில் முடித்த 11-ஆம் வெளியீட்டில் இந்தக் கூட்டு முயற்சிக்கு இடம் தந்தது. அலையை அனுப்பும் இத்தகைய இடம் ஒவ்வொன்றையும் இங்கே 'முனை' என்போம்.

எதைச் செய்வதாயினும் ஒன்று தெரிந்தாக வேண்டும். கைப்பேசி இருக்கும் இடத்தில் ஒவ்வொரு முனையின் அலையும் எந்நிலையில் வந்து விழுகிறது? இதனைக் கோபுரம் தானே அறிய இயலாது. விழாத் தெருவில் இரண்டு கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்களை எண்ணிப் பாருங்கள். தெருக்கோடியில் நிற்பவர் காதில் இரண்டின் ஒலியும் எப்படிக் கலந்து விழுகிறது என்பது பந்தலில் இருப்பவருக்குத் தெரியாது. அங்கிருந்து ஒருவர் வந்து சொன்னால்தான் உண்டு. 'கைப்பேசியிலிருந்து வரும் அலையைக் கோபுரம் அளந்தால் போதாதா?' என்று கேட்கலாம். ஏறும் அலைக்கும் இறங்கும் அலைக்கும் ஒரே அதிர்வெண் எனில் பாதையின் தன்மை ஓரளவு தெரியும். கைப்பேசியின் அருகே உள்ள இரைச்சல் அப்போதும் தெரியாது.

ஆகவே அறிக்கை கேட்கப்படுகிறது. முனைகள் முன்கூட்டியே குறித்த சில அடையாள அலைகளை அனுப்புகின்றன. அவற்றை அளந்து, கைப்பேசி 0 முதல் 15 வரை ஓர் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது; அதற்கு 4 பிட்டுகள் போதும். 'இந்த எண்ணுக்குரிய வேகத்தில் அனுப்பினால் பிழை 10 விழுக்காட்டுக்கு மேல் போகாது' என்பது அதன் பொருள். நான்காம் தலைமுறையின் முதல் அட்டவணைப்படி, எண் 1 எனில் ஒரு குறியலையில் 0.15 பிட் செய்தி செல்லும். எண் 15 எனில் 5.55 பிட். ஏறக்குறைய 36 மடங்கு! இந்த எண்ணைக் கணக்கிடும் முறையைத் தரமுறை சொல்வதில்லை, தயாரிப்பாளருக்கே விட்டுவிட்டது. அதனால் ஒரே மேசைமேல் வைத்த இரு கைப்பேசிகள் வெவ்வேறு எண் சொல்லக்கூடும். கோபுரமோ அனுப்பியவற்றுள் எத்தனை பிழைபட்டன என்று எண்ணி, அறிக்கையைத் தானே திருத்திக்கொள்கிறது.

ஒரே கோபுரம் இருந்தவரை கணக்கு இவ்வளவுதான். முனைகள் பலவானால் சிக்கல் தொடங்குகிறது. அ, ஆ என இரண்டு முனைகளைக் கொள்வோம். அ அனுப்பும்போது ஆ பேசாதிருக்கலாம், அல்லது வேறொருவருக்கு அனுப்பிக் கொண்டிருக்கலாம். ஆ அனுப்பும்போது அ-வின் நிலையும் அவ்வாறே. ஆக நான்கு நிலைகள், நான்கு அறிக்கைகள். ஒரு நேரத்தில் ஒரு முனையே செய்தி அனுப்பும் என்று வைத்துக்கொண்டாலும், மூன்று முனைகளுக்கு 12, நான்குக்கு 32 என்று பெருகும். 11-ஆம் வெளியீடு நான்கு அறிக்கைகளோடு நிறுத்திக் கொண்டது. பன்னிரண்டில் எந்த நான்கைக் கேட்பது என்பது வலையமைப்பை நடத்துவோரின் பொறுப்பு. தவறான நான்கைக் கேட்டால் கைப்பேசி எவ்வளவு நேர்மையாக அளந்தும் பயனில்லை.

இரைச்சலை அளக்கும் முறை என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. செய்தி அனுப்பும் முனையைக் குறித்த சில நுண்பொழுதுகளில் வாய்மூடச் செய்கிறார்கள். அந்த இடைவெளியில் காதில் விழுவதெல்லாம் பிறருடைய ஒலி! ஆயினும் அந்த மௌனத்துக்கும் விலையுண்டு. அவ்வேளையில் செய்தி செல்லாது.

இன்னொரு விலை, எல்லையில் நிற்பவர் கொடுப்பது. கோபுரத்தின் ஒரு செலுத்தி 20 அல்லது 40 வாட் ஆற்றலில் பேசும். கைப்பேசியின் உச்சமோ 0.2 வாட். கோபுரத்தின் அருகில் இருப்பவருக்கு ஓர் அறிக்கை போதும். எல்லையில் இருப்பவரிடம்தான் நான்கு கேட்கிறோம். அவருடைய குரலோ கோபுரத்தை எட்டுவதே அரிது. அறிக்கையைச் சுருக்கும் ஆராய்ச்சிகள் பல இந்த முடிச்சை அவிழ்க்க முயல்கின்றன.

இரு முனைகள் சேர்ந்தே அனுப்புவதற்குக் கட்டமும் தெரிய வேண்டும். சம வலிமையுள்ள இரு அலைகள் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் ஆற்றல் நான்கு மடங்கு. எதிர்க் கட்டத்தில் சேர்ந்தால் சுழி. 2 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 15 செ.மீ. இரு கோபுரங்களுக்கு நேர் நடுவே இருக்கும் ஒருவர் ஒன்றை நோக்கி 3.75 செ.மீ., அதாவது இரண்டு விரற்கடை நகர்ந்தாலே ஒரு பாதை அவ்வளவு குறைந்து மற்றது அவ்வளவு கூடும். நான்கு மடங்கு சுழியாகிவிடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும் பேருந்து அத்தூரத்தை 2.25 மில்லி நொடியில் கடக்கும். நான்காம் தலைமுறையில் அறிக்கையை அளந்து அனுப்புவதற்கே குறைந்தது 4 மில்லி நொடி ஆகிறது. ஆகவே பேருந்துப் பயணியின் அறிக்கை கோபுரத்தை அடையும்போது பழங்கதையாகி விடுகிறது. நடந்து செல்பவருக்கோ அதே இரண்டு விரற்கடைக்கு ஏறத்தாழ 37 மில்லி நொடி கிடைக்கிறது. நான்கு முனைகள் வரை கட்டம் ஒத்துச் சேர்ந்து அனுப்புவதற்கான அறிக்கை முறை 2024-இல் முடிந்த 18-ஆம் வெளியீட்டில்தான் இடம்பெற்றது. இப்போதைக்கு அதன் பயன் பெரிதும் நிற்பவருக்கும் மெல்ல நடப்பவருக்குமே.