தீ வைக்காமலே பற்றும் வைக்கோல் போர்

"போர் போட்டு மூணு வாரம் ஆகுது. உள்ளே கையை விட்டா சுடுது, விடியக்காலையில ஆவி பறக்குது. இதனால ஆபத்து உண்டா?" என்று திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உண்டு. அவருக்குப் போனிலேயே பதில் சொல்லிவிட்டேன். குறுவை அறுவடையும் மழையும் சேர்ந்து வரும் நேரம் என்பதால் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, நான் வேலை பார்த்த பகுதியில் ஒரு வைக்கோல் போர் நடுராத்திரியில் பற்றிக்கொண்டது. அந்த வீட்டுக்காரருக்கும் பங்காளிக்கும் ஏற்கெனவே வரப்புத் தகராறு. 'அவன்தான் கொளுத்திட்டான்' என்று விடிவதற்குள் போலீஸ் ஸ்டேஷன் வரை போய்விட்டார்கள். பயிர்ச் சேதம் பார்க்கப் போனவன் அந்தப் போரையும் பார்த்தேன். தீயணைப்பு வண்டி வந்து அணைத்ததில் ஒரு பக்கம் மிச்சமிருந்தது. வெளிப்புறம் மஞ்சள் மாறாத வைக்கோல். பிரித்தால் நடுவில் கரி. யாராவது வெளியிலிருந்து தீ வைத்திருந்தால் மேல்புறம்தானே முதலில் எரிந்திருக்கும்? "எப்ப கட்டினீங்க?" என்று கேட்டேன். "மழை விட்ட ரெண்டாம் நாளே மெஷின் கிடைச்சுது சார், சுருட்டிட்டோம்" என்றார். புகாரைத் திரும்பப் பெற்றார்கள். பேச்சுவார்த்தைதான் இன்னும் இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். ஈர வைக்கோலில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். அவை வைக்கோலில் உள்ள சர்க்கரைச் சத்தைத் தின்று வெப்பத்தை வெளிவிடும். எருக்குவியல் சூடாவதும் இதனால்தான். வைக்கோல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் பெரிய போரின் நடுவில் உண்டாகும் சூடு அங்கேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். சுமார் 70 டிகிரி செல்சியஸில் பெரும்பாலான நுண்ணுயிர்கள் செத்துவிடும். அத்தோடு சூடு அடங்கினால் பிழைத்தோம். அடங்காவிட்டால், சிதைந்த வைக்கோல் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு நேரடியாக வினைபுரிய ஆரம்பிக்கும். அதற்கு நுண்ணுயிர் தேவையில்லை. சூடு கூடக் கூட வினையும் வேகமெடுக்கும். நடுப்பகுதி கரியாகி, போதிய காற்று கிடைத்ததும் பற்றிக்கொள்ளும். பெரும்பாலும் போர் போட்ட இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் இது நடக்கும்.

நன்றாகக் காய்ந்த வைக்கோலில் இந்தப் பயம் இல்லை. ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால்தான் வம்பு. பச்சைக் களையும் கோரையும் கலந்திருந்தால் இன்னும் மோசம். இயந்திரம் இறுக்கிக் கட்டிய உருளைக் கட்டு என்றால் கூடுதலாகக் காயவைத்த பிறகே கட்டுங்கள். அடியில் கட்டை அடுக்கி, கட்டுகளுக்கு நடுவே சந்து விட்டு அடுக்குங்கள். நனைந்த கட்டைக் காய்ந்ததோடு சேர்க்காதீர்கள். சூடான போரைத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுவது பலர் செய்யும் தப்பு.

சந்தேகமாக இருந்தால் ஒரு நீளமான இரும்புக் கம்பியைப் போரின் நடுவரை செருகி, கால் மணி நேரம் கழித்து உருவுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் ஆபத்துக் கட்டம். புகையிலை வாடையோ, வெல்லம் தீய்ந்த வாடையோ வந்தாலும் அப்படித்தான். அப்போது போரைப் பிரிக்கத் தொடங்காதீர்கள். காற்று உள்ளே புகுந்ததும் குபீரென்று பற்றும். மேலே ஏறவும் கூடாது. உள்ளே எரிந்து குழியாகியிருந்தால் ஆள் அப்படியே இறங்கிவிடுவார். மாடுகளை அவிழ்த்துத் தள்ளிக் கட்டிவிட்டு 101-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வந்து தண்ணீர் தயாரான பிறகே பிரிக்க வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் படுகிறது. வெள்ளையடிக்க வாங்கிய சுட்ட சுண்ணாம்பு மூட்டையை வைக்கோல் கொட்டகையிலேயே போட்டு வைக்கிறார்கள். ஒழுகும் மழைத் தண்ணீர் பட்டால் அது கொதித்து, ஒட்டியிருக்கும் வைக்கோலைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகும். அதை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.