ஆத்தூர்ச் சமவெளி என்னும் கடல்

1971இல் ஐந்து ஜோடிப் பல்லிகள் மத்தியதரைக் கடலில் தீவு விட்டுத் தீவு போயின. தாமாகப் போகவில்லை, ஆராய்ச்சியாளர்கள் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் கடலின் கிளையான அட்ரியாட்டிக்கில், இன்றைய குரோஷியாவைச் சேர்ந்த போட் கொப்பிஷ்டே என்ற குட்டித் தீவில் பிடித்த பல்லிகளை, பக்கத்திலிருந்த போட் மர்சாரு என்ற இன்னொரு குட்டித் தீவில் இறக்கினார்கள். பிறகு, அத்தீவுகள் அப்போது சேர்ந்திருந்த யூகோஸ்லாவியா உடைந்தது, போர் மூண்டது.

36 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தால், தீவெங்கும் அந்த ஐந்து ஜோடிகளின் சந்ததிகள். மரபணுச் சோதனையும் அதை உறுதிசெய்தது. ஆனால் உடம்பு மாறியிருந்தது. தலை பெருத்து, கடி பலமாகியிருந்தது. பழைய தீவில் பெரும்பாலும் பூச்சி தின்ற இனம், இங்கே கோடையில் பாதிக்கு மேல் இலைதழைகளையே தின்றது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது, பழைய தீவின் பல்லிகளில் காணாத தடுப்பு மடிப்புகள் குடலில் இருந்தன. இலையின் செல்லுலோஸ் சுலபத்தில் செரிக்காது. உணவை நிறுத்திவைத்து நுண்ணுயிர்களுக்கு அவகாசம் கொடுப்பது அந்த மடிப்புகளின் வேலை. இவ்வளவும் சுமார் 30 தலைமுறைக்குள். இதில் பரம்பரையின் பங்கு எவ்வளவு, தின்ற உணவின் விளைவு எவ்வளவு என்ற ஆராய்ச்சி பின்னரும் தொடர்ந்தது. 2008இல் வெளிவந்த அந்த ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

சென்னையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் விடுமுறைக்குக் கல்வராயன் மலைக்குக் கிளம்பினால், அவர்கள் போவதும் ஒரு தீவுக்குத்தான். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை தாண்டிக் கள்ளக்குறிச்சி வரை கரும்பும் நெல்லும் மரவள்ளியும். கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணைப் பக்கமாக வெள்ளிமலைக்கு ஏறும்போது காது அடைக்கும், கொஞ்ச நேரத்தில் வெயிலின் சூடு தணியும். உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், விரியும் காற்று குளிரும். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஈரக்காற்று குளிர்ந்தால் மேகமாகும். அடிவாரத்தில் மண் வெடித்துக் கிடக்கும் நாளிலும் மேலே பாறை இடுக்கில் ஈரம் நிற்கக் காரணம் இதுதான்.

கீழே வாழப் பழகாத ஒரு சின்ன உயிருக்கு இந்தக் குளிரும் ஈரமுமே கரை. கல்வராயனுக்கு மேற்கே சேர்வராயன், வடமேற்கே சித்தேரி, தென்மேற்கே கொல்லிமலை, தெற்கே ஆத்தூர்ச் சமவெளிக்கு அப்பால் பச்சைமலை. வரைபடத்தில் பார்த்தால் அத்தனையும் ஒரு தீவுக்கூட்டம். ஆத்தூரிலிருந்து சின்னசேலத்துக்குப் பேருந்தில் அரைத் தூக்கத்தில் போய்விடுகிறோம். ஈரத்தோடு ஒட்டி வாழும் பல்லிக்கு அந்த வெளி கடல்.

இது வெறும் உவமை அல்ல என்பதற்குச் சாட்சி பக்கத்து மலைகளிலேயே இருக்கிறது. சேர்வராயன் மலையிலிருந்து ஒரு மெல்லிய பல்லியை 1870இல் பெட்டோம் என்ற ஆங்கிலேயர் விவரித்தார். ஒடிசலான நீண்ட உடம்பு, குட்டைக் கால், வாலின் அடியில் ஆரஞ்சுச் சாயல். இரவில்தான் வெளியே வரும். தென்னிந்தியாவில் பல இடங்களில் கண்ட இதே ஜாடைப் பல்லிகளையெல்லாம் அந்த ஒரே இனமாகவே நெடுங்காலம் எண்ணினார்கள். மரபணுவைப் படித்தபோதுதான் மலைக்கு மலை வேறு என்று தெரிந்தது. கொல்லிமலையில் இருப்பதைத் தனி இனமாக 2019இல் அறிவித்தார்கள். சேர்வராயன் மேலுள்ள ஏற்காட்டிலிருந்து கொல்லிமலைக்கு நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர்தான். அந்த இடைவெளியைக் கடக்காமலே இரண்டும் இரண்டு வழியில் போய்விட்டன. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகிற பல்லிக்குள் இவ்வளவு பழைய பிரிவு ஒளிந்திருப்பது, மலையேறுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி என்று நினைக்கிறேன்.

மத்தியதரைக் கடலும் ஒரு காலத்தில் இப்படி மலைகளுக்கு நடுவே காய்ந்த வெளியாகத்தான் இருந்தது. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கோடு அதற்கிருந்த வாசல் அடைபட்டது. ஆறுகள் கொண்டுவந்ததைவிட வெயில் குடித்தது அதிகம். நீர்மட்டம் பெருமளவு இறங்கி, உப்பு படிந்தது. கடலடியில் சில இடங்களில் அந்த உப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கனம். 1970இல் குளோமர் சேலஞ்சர் கப்பல் கடலடியைத் துளைத்தபோது அந்த உப்பின் தடயம் மேலே வந்தது. இன்று பயணிகள் கப்பலில் போய் இறங்கும் தீவுகள் அப்போது காய்ந்த பள்ளத்தின் நடுவே எழுந்த மலைகள். மயோர்க்காவுக்கு அந்தக் காலத்தில் நடந்து போன ஆட்டினத்தின் வழித்தோன்றல்கள், 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடல் திரும்பி நிரம்பியதும் அங்கேயே அகப்பட்டு, கால் குட்டையாகி, கண்கள் முன்பக்கம் பார்க்கும் விசித்திர விலங்காக மாறின. மனிதர்கள் அத்தீவில் குடியேறிய காலத்தையொட்டி அவை அழிந்தன.

கல்வராயனில் தனிமைக்கு விலை கொடுத்தவர்கள் மனிதர்கள். சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களின், கையில் மலை இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தார்கள். நாடு சுதந்திரம் பெற்றுப் பல ஆண்டுகளான பின்பும் அது தொடர்ந்தது. 1976இல்தான் ஜாகீர் ஆட்சி ஒழிந்தது. அந்த மக்களுக்குச் சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் வேண்டும், இன்னும் நிறைய வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

என் கவலை வெப்பத்தைப் பற்றியது. சமவெளி ஒரு டிகிரி சூடானால், பழைய குளிர்ச்சியைத் தேடி ஓர் உயிர் சுமார் 150 மீட்டர் மேலே ஏற வேண்டும். இமயத்தில் ஏற இடம் இருக்கிறது. கல்வராயனின் உயரமே சுமார் 1,200 மீட்டர்தான். மேலே போகப் போகப் பரப்பும் சுருங்கும். மிச்சமிருக்கும் உச்சிக்காட்டின் நிழல்தான் ஒரு டிகிரி, இரண்டு டிகிரியைத் தடுத்து நிறுத்துகிறது. மரத்தை வெட்டிவிட்டால் அந்தத் தடுப்பும் போகும். பக்கத்து மலைக்கு இடம் மாறலாம் என்றால் நடுவே ஆத்தூர்ச் சமவெளி, அதுவோ ஆண்டுக்கு ஆண்டு சூடாகிறது.