பல்வலியும் காப்பீட்டு அட்டையும்

பல் மருத்துவத்துக்கு இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் முதலே தனிப் பதிவேடு உண்டு. மருத்துவக் காப்பீட்டிலும் பல் தனியாகத்தான் நிற்கிறது. காப்பீடு எண்ணுவது மருத்துவமனைப் படுக்கையை. பகல்நேர சிகிச்சைப் பட்டியலில் உள்ளவை தவிர, 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான் பணம் வரும். பல் வைத்தியமோ நாற்காலியிலேயே முடிந்துவிடும். சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை, கேப், பல்செட், கிளிப் எல்லாம் பெரும்பாலான பாலிசிகளில் கைக்காசுதான்.

விபத்தில் தாடை உடைந்து மருத்துவமனையில் சேர்ந்தால் நிலை வேறு. 2020 ஏப்ரலில் வந்த ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பாலிசி, நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சையையும் உள்நோயாளிச் செலவில் சேர்க்கிறது. 5 சதவீதம் பாலிசிதாரர் பொறுப்பு. சொத்தையைக் கவனிக்காமல் விட்டு, சீழ் கழுத்துக்கு இறங்கிப் படுக்கையில் விழுந்தவருக்குக் காப்பீடு கைகொடுக்கக்கூடும். ஆரம்பத்திலேயே அடைத்துக்கொள்ளப் போனவருக்கு ஒன்றுமில்லை. தலைகீழான கணக்கு இது.

காரைக்காலில் இன்னொரு சிக்கல் உண்டு. மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஆட்சி புதுச்சேரி. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அங்குள்ள உறவினர் வைத்திருக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்கு உரியது, காரைக்கால் அட்டைக்குக் கிடையாது. ஆயுஷ்மான் பாரத் அட்டை எல்லை தாண்டியும் செல்லும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். 2024 அக்டோபர் முதல் 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பும் இல்லை. தாடை எலும்பு முறிவு, வாய்ப் புற்றுநோய் அறுவை அதில் அடங்கும். சாதாரணப் பல் அடைப்பு அடங்காது. அதற்கு அரசு மருத்துவமனையோ, புதுச்சேரியில் உள்ள மகாத்மா காந்தி முதுநிலைப் பல் மருத்துவ நிறுவனமோதான் வழி.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, விபத்துப் பதிவின் நகல் இவற்றுடன், உள்நோயாளியாகச் சேர்த்தது ஏன் என்று மருத்துவர் எழுதிய குறிப்பும் கையில் இருக்கட்டும். பல் வழக்குகளில் தகராறே அந்த ‘ஏன்’ பற்றித்தான். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை; 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு இதில் ஒரே அலுவலகம் கிடையாது: மாஹேக்குக் கொச்சி, ஏனாமுக்கு ஹைதராபாத். காரைக்கால்காரர் மனு அனுப்ப வேண்டியது சென்னைக்கு.